சார்ட்ல எல்லாருக்கும் 18

நர்சிங் டிகிரி படிக்கிறேன்னு சொன்னா எதிர்ல இருக்கிறவங்க கேக்குற கேள்வி ரெண்டே ரெண்டுதான். "ஊசி போடக் கத்துக்கிட்டியா?", "ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வராதா?" இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட "மூச்சை எண்ணத் தெரியுமா?"ன்னு கேட்டதில்ல. ஃபர்ஸ்ட் இயர்ல யாராவது கேட்டிருந்தா "அதுல என்ன இருக்கு"ன்னு சொல்லியிருப்பேன். அப்ப எனக்கு அது தெரியாது. தெரியாதுங்கிறதும் தெரியாது.

இப்ப கடைசி வருஷம். பக்கத்துல புக்கு விரிச்சபடி கிடக்கு, ரெக்கார்ட் நோட்டு பாதி எழுதினபடி கிடக்கு, நான் என்னடான்னா இதை டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன். ஜூனியர் பொண்ணு ஒருத்தி "அக்கா, இந்த கோர்ஸ்ல எது ரொம்பக் கஷ்டம், அனாட்டமியா ஃபார்மகாலஜியா?"ன்னு கேட்டா, நானும் அவசரத்துல "ஃபார்மகாலஜிடா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன், ராத்திரி படுக்கும்போது யோசிச்சா நான் சொன்னது தப்புன்னு தோணுச்சு. மருந்து பேரெல்லாம் மனப்பாடம் பண்ணிடலாம். எனக்குக் கஷ்டமா இருந்தது வேற.

முதல்ல லேப்ல ஆரம்பிச்சாங்க. கை கழுவுறதையே ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தாங்கன்னா நம்புவீங்களா. சோப்பு போட்டுன்னா 40லேருந்து 60 செகண்ட், ஹேண்ட் ரப்னா 20லேருந்து 30 செகண்ட், உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண்ணு. அப்புறம் பெட் மேக்கிங், பெட்ஷீட் மூலையை மடிக்கிறதுக்கு ஒரு கோணம், அதுல சுருக்கம் இருந்தா மறுபடியும் பிரிச்சுப் போடணும். அப்ப எரிச்சலா இருக்கும், படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு அந்தச் சுருக்கமே புண்ணை ஆரம்பிச்சு வைக்கும்னு பின்னாடிதான் புரியும். டம்மி பொம்மைக்கு பிபி பார்த்தோம், டம்மிக்கு டியூப் போட்டோம், டம்மியைக் குளிப்பாட்டினோம். எங்க டம்மி எல்லாத்துக்கும் பொறுமையா ஒத்துழைக்கும், ஒண்ணைத் தவிர. அது மூச்சு விடாது.

அப்புறம் முதல் வார்டு போஸ்டிங். மடிப்பு கலையாத யூனிஃபார்ம், இறுக்கிக் கட்டின கொண்டை, செகண்ட் முள்ளு இருக்கிற வாட்ச். அந்த வாட்ச் முக்கியம், செகண்ட் முள்ளு இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. காலைல வார்டுக்குள்ள நுழைஞ்ச உடனே எங்க வேலை டிபிஆர் சார்ட். டெம்பரேச்சர், பல்ஸ், ரெஸ்பிரேஷன், கூடவே பிபி. எனக்கும் என் ஃப்ரெண்டுக்கும் சேர்த்து பன்னெண்டு பெட்.

டெம்பரேச்சருக்கு தெர்மாமீட்டர் இருக்கு. பிபிக்கு கஃப் இருக்கு, ஸ்டெத்தைக் காதுல மாட்டினா நமக்கே ஒரு கெத்து வந்துடும். பல்ஸுக்கு மணிக்கட்டுல விரல் வைக்கணும், அதுவும் பாக்குறதுக்கு வேலை செய்யுற மாதிரி இருக்கும். ரெஸ்பிரேஷனுக்கு ஒண்ணுமே கிடையாது. சும்மா ஒரு நிமிஷம் நின்னு ஒரு மனுஷனோட நெஞ்சைப் பாத்துக்கிட்டே இருக்கணும். பன்னெண்டு பேருக்கு பன்னெண்டு நிமிஷம், சும்மா நிக்கிறதுக்கு யாருக்கு அவ்வளவு நேரம் இருக்குன்னு நெனச்சோம். முந்தின நாள் சார்ட்டைப் புரட்டிப் பார்த்தா 18, 20, 18, 18, 20. என் ஃப்ரெண்டு சொன்னா, "ஏய், 18 போடுடி. நடுவுல நடுவுல 20 போடு. எல்லாத்துக்கும் ஒரே நம்பர் போட்டா மேடம் கண்டுபிடிச்சிருவாங்க." பெரியவங்களுக்கு நார்மல் நிமிஷத்துக்கு 12லேருந்து 20. அதுக்குள்ளதானே போடுறோம், என்ன ஆகிடப் போகுதுன்னு நானும் அழகா மாத்தி மாத்திப் போட்டேன்.

பதினோரு மணி வாக்குல மேடம் ரவுண்ட்ஸ் வந்தாங்க. ஏழாவது பெட்கிட்ட நின்னாங்க. அறுபது வயசு தாண்டின ஐயா ஒருத்தர், அட்மிட் ஆகி ரெண்டாவது நாள். சார்ட்டைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க.

"ரெஸ்பிரேஷன் எவ்வளவு?"

"18 மேடம்."

திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. "சரி, இப்ப எண்ணு. முழுசா ஒரு நிமிஷம். நானும் எண்ணுறேன்"னாங்க.

எனக்கு 32 வந்துச்சு. அவங்களுக்கும் 32.

அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம்னு எண்ணிப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். பத்து செகண்டுலயே ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சு போச்சு, மிச்ச அம்பது செகண்டும் நான் காலைல பார்க்காம விட்டதெல்லாம் ஒண்ணொண்ணா கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுச்சு. அவர் சாஞ்சு படுக்காம முன்னாடி குனிஞ்சு கட்டில் ஓரத்தைப் பிடிச்சு உக்காந்திருந்தாரு. கழுத்துல சதை இழுத்து இழுத்து விட்டுச்சு. மூக்கு விரிஞ்சுச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி இதே கையிலதான் நான் கஃப் சுத்துனேன், "என்னம்மா... படிக்கிற... பொண்ணா"ன்னு மூணு வார்த்தைக்கு மூணு தடவை நிறுத்திக் கேட்டாரு, நானும் சிரிச்சுக்கிட்டே ஆமா ஐயான்னு சொல்லிட்டு 18னு எழுதிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிருக்கேன்.

மத்த நம்பர் எல்லாம் அவ்வளவு பயமுறுத்துற மாதிரி இல்ல, அதுதான் இதுல வேடிக்கை. லேசான காய்ச்சல், பிபி பரவாயில்ல, சேச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, 95. டாக்டர் வந்து பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, நிமோனியான்னு ட்ரீட்மெண்ட் ஆரம்பிச்சு, சாயங்காலத்துக்குள்ள அவரை ஐசியு பக்கம் மாத்திட்டாங்க. பத்து நாள் கழிச்சு நடந்தே வீட்டுக்குப் போனாரு, அது என் அதிர்ஷ்டம்.

மேடம் என்னை அந்த 18ஐத் திருத்தச் சொன்னாங்க. சார்ட்டுல தப்பை அழிக்கக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது, ஒயிட்னர் தொடவே கூடாது. ஒரே ஒரு கோடு, அடியில இருக்கிற தப்பு படிக்கிற மாதிரி தெரியணும், பக்கத்துல சரியான நம்பர், நேரம், கையெழுத்து. கை நடுங்கிக்கிட்டே போட்டேன். அப்பதான் அவங்க ஒரே ஒரு வரி சொன்னாங்க: "காலியா விட்டிருந்தா யாராவது போய் எண்ணியிருப்பாங்க. நீ 18னு எழுதினதால யாரும் எண்ணல." ஹாஸ்டலுக்குப் போய் அன்னைக்கு நான் சாப்பிடல. என் ஃப்ரெண்டும் சாப்பிடல, அவ சார்ட்டுலயும் ஆறு பேருக்கு அழகா மாத்தி மாத்திப் போட்டிருந்தா.

சேச்சுரேஷன் 95 இருக்கும்போது மூச்சு எப்படி 32 இருக்கும்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. விரல்ல மாட்டுற அந்தக் குட்டி மெஷின், பல்ஸ் ஆக்சிமீட்டர், அதோட அடிப்படையைக் கண்டுபிடிச்சவர் ஜப்பான்ல தக்குவோ அவோயாகின்னு ஒரு இன்ஜினியர், 1974ல. அருமையான சாதனம், ஆனா அது காட்டுறது ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு ஒட்டியிருக்குன்னு மட்டும்தான். அந்த 95ஐக் காப்பாத்துறதுக்கு உடம்பு என்ன பாடு படுதுன்னு அது சொல்லாது. வேகமா மூச்சு விட்டுத்தான் உடம்பு அந்த நம்பரைத் தாக்குப் பிடிச்சு வெச்சிருக்கும், தசை எல்லாம் களைச்சுப் போய் இனிமே முடியாதுன்னு கைவிடும்போது மெஷின்ல நம்பர் கடகடன்னு விழும், அப்ப நாம ஓடிப் போய் நின்னா லேட்டு. பிரிட்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் கொண்டு வந்த, பேஷண்ட் மோசமாகுறதை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற நியூஸ்-2ன்னு ஒரு ஸ்கோர் இருக்கு, 2012ல முதல்ல வந்தது, 2017ல திருத்தினாங்க. அதுல மூச்சு 12லேருந்து 20 இருந்தா 0, 21லேருந்து 24 இருந்தா 2, 25ம் அதுக்கு மேலயும் போனா நேரா 3. அந்த ஒரே நம்பருக்கு 3 வந்தாலே அவசரமா யாராவது வந்து பார்க்கணும்னு அர்த்தம். நான் அந்த ஐயாவுக்குப் போட்டது 0. வந்திருக்க வேண்டியது 3.

இதை எப்படி எண்ணுறதுன்னு மேடம் மறுநாள் சொல்லிக் கொடுத்தாங்க. கொஞ்சம் திருட்டுத்தனமான வித்தை. "உங்க மூச்சை எண்ணப் போறேன்"னு பேஷண்ட்டுகிட்ட சொல்லக் கூடாது. சொன்ன அடுத்த செகண்டே அவங்க மூச்சு மாறிடும், நம்ம எல்லாருக்கும் அப்படித்தான், இதைப் படிக்கிற உங்களுக்கும் இப்ப மாறியிருக்கும். இதயத்துடிப்பை நாம நெனச்சு மாத்த முடியாது, மூச்சை முடியும், தானாவும் நடக்கும் நம்ம பேச்சையும் கேக்கும். அதனால பல்ஸ் எண்ணி முடிச்சாலும் கையை எடுக்கக் கூடாது. மணிக்கட்டுல விரல் அப்படியே இருக்கட்டும், பல்ஸ் பாக்குறாங்கன்னு அவங்க நெனச்சுக்கட்டும், கண்ணு மட்டும் நெஞ்சுக்குப் போகணும். ஏறி இறங்குனா ஒண்ணு. முப்பது செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்குறது மூச்சு சீரா இருக்கிறவங்களுக்கு மட்டும், கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா முழு நிமிஷம். வேகம் மட்டும் பத்தாது, ஆழமா மேலோட்டமா, ரெண்டு பக்கமும் சமமா ஏறுதா, சத்தம் வருதா, உதடு எந்த நிறம், எல்லாம் அந்த ஒரே நிமிஷத்துல பார்க்கணும்.

அதுக்கப்புறம் ஒரு விஷயம் நடந்துச்சு, நானே எதிர்பார்க்கல. எந்த சப்ஜெக்ட்டைத் திறந்தாலும் இந்த நம்பர் அங்க உக்காந்திருந்துச்சு.

அனாட்டமில, மூச்சை உள்ள இழுக்கிற முக்கியத் தசையான உதரவிதானத்துக்குப் போற ஃப்ரெனிக் நரம்பு கழுத்துல மூணு, நாலு, அஞ்சாவது நரம்பு வேர்லேருந்து கிளம்புதுன்னு படிச்சோம். வெறும் மூணு நாலு அஞ்சுன்னு மனப்பாடம் பண்ணியிருந்தா எக்ஸாம் முடிஞ்சதும் மறந்திருக்கும். நியூரோ வார்டுல கழுத்துல அடிபட்டு வந்த ரெண்டு பேரைப் பார்த்தப்பதான் அந்த எண்ணோட கனம் தெரிஞ்சுச்சு. அடி அதுக்குக் கீழ பட்டவர் கை காலு வராம படுத்திருந்தாரு, ஆனா சொந்தமா மூச்சு விட்டாரு. மேல பட்டவருக்கு வென்டிலேட்டர்தான் மூச்சு விட்டுச்சு. எக்ஸ்ரேல பார்த்தா ரெண்டு எலும்பு வித்தியாசம்.

ஃபிசியாலஜில எனக்கு அதிர்ச்சி, சாதாரணமா நம்மை மூச்சு விட வைக்கிறது ஆக்சிஜன் குறையுறது இல்ல, கார்பன் டை ஆக்சைடு ஏறுறதுதான்னு தெரிஞ்சப்போ. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா ஒரு கட்டத்துல முடியாம போகுதே, அது அந்தக் கார்பன் டை ஆக்சைடு மூளைத்தண்டைத் தட்டுறது. அங்கேருந்து பயோகெமிஸ்ட்ரி ஆசிட்-பேஸுக்குத் தாவணும். ரத்தத்தோட பிஎச் 7.35லேருந்து 7.45க்குள்ள, கார்பன் டை ஆக்சைடு 35லேருந்து 45, பைகார்பனேட் 22லேருந்து 26. இதையெல்லாம் அளந்து சொல்ற ஏபிஜிங்கிற ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில கொடுத்து இது என்னன்னு கேட்டா முதல் ரெண்டு மாசம் எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு அழுகைதான் வரும். எனக்கு அது விளங்குனது ஒரு சுகர் பேஷண்ட்டாலதான். இன்சுலினை நிறுத்திட்டு வந்த சின்னப் பையன், ஆழமா, வேகமா, ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்குறான், நுரையீரல்ல ஸ்டெத் வெச்சா சுத்தமா இருக்கு. வாய்ல பழுத்த பழ வாசனை. கீட்டோன்னு ஒரு வகை ஆசிட் ஏறி ரத்தம் புளிச்சுப் போச்சு, அந்த ஆசிட்டைக் கார்பன் டை ஆக்சைடா ஊதித் தள்ளத்தான் உடம்பு அப்படி மூச்சு விடுது. ஜெர்மனில அடால்ஃப் குஸ்மால்னு ஒரு டாக்டர் 1874ல இதை விவரிச்சு எழுதினாரு, அதான் குஸ்மால் பிரீத்திங். மூச்சுத் திணறல்னா நெஞ்சுல கோளாறுன்னு நெனச்சிருந்த எனக்கு அன்னைக்கு ஒரு கதவு திறந்துச்சு.

ஃபார்மகாலஜில இதுவே தலைகீழ். மார்ஃபின் மாதிரி வலி மருந்து கொடுத்தா மூச்சு குறையும். 24ஐப் பார்த்தா பதறுற நாம 8ஐப் பார்த்தா "அப்பாடா நல்லா தூங்குறாரு"ன்னு நெனச்சுக்குவோம், அங்கதான் மாட்டிக்குவோம். மூச்சு குறையுறதுக்கு முன்னாடியே தூக்கக் கலக்கம் கூடும், கூப்பிட்டா கண்ணைத் திறந்து பாதி வாக்கியத்துலயே மறுபடியும் தூங்கிடுவாங்க. அந்தக் கலக்கத்தையும் மூச்சையும் ரெண்டையும் பார்க்கணும், மாத்து மருந்து நாலோக்சோன் எங்க இருக்குன்னு மருந்து கொடுக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். (மருந்துக் கணக்கைப் பத்தி ஒரு வார்த்தை. மேத்ஸ் வராதுன்னு நர்சிங் எடுத்தேன்னு சொல்றவங்களுக்கு என் அனுதாபம். 1000 எம்எல் டிரிப்ஸ் எட்டு மணி நேரத்துல போகணும், செட்டுல ஒரு எம்எல்லுக்கு 20 சொட்டு, நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? 1000ஐ 20ஆல பெருக்கி 480 நிமிஷத்தால வகுத்தா 42 கிட்ட. இதை ராத்திரி மூணு மணிக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும், கேப்பாங்க.)

மெட்டர்னிட்டி போஸ்டிங் வந்துச்சு. வலிப்பு வந்த கர்ப்பிணிகளுக்கு மெக்னீசியம் சல்ஃபேட் போடுவாங்க, உயிரைக் காப்பாத்துற மருந்து, ஆனா உடம்புல கூடிப் போச்சுன்னா முதல்ல முழங்கால் ரிஃப்ளெக்ஸ் போகும், அப்புறம் மூச்சு நிக்கும். அதனால அடுத்த டோஸுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்த்தே ஆகணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது: மூச்சு நிமிஷத்துக்குக் குறைஞ்சது 16 இருக்கணும், முழங்காலைத் தட்டினா உதறணும், கடைசி நாலு மணி நேரத்துல மணிக்குக் குறைஞ்சது 30 எம்எல் யூரின் போயிருக்கணும். மாத்து மருந்து கால்சியம் குளுக்கோனேட் பக்கத்துலயே ரெடியா இருக்கணும். இங்க யோசிச்சுப் பாருங்க, எண்ணாம சும்மா 18னு எழுதினா என்ன ஆகும்னு. அந்த 18ஐப் பார்த்துட்டு அடுத்த டோஸைப் போட்டுடுவாங்க. நான் அங்க மூச்சை எண்ணும்போதெல்லாம் வாட்ச்சை ரெண்டு தடவை பார்த்தேன்.

அதே வார்டுல அடுத்த ரூம்ல பொறந்த குழந்தைங்க. பெரியவங்களுக்கு 32ன்னா ஓடணும், இவங்களுக்கு 30லேருந்து 60 வரைக்கும் நார்மல். அதுவும் சீரா இருக்காது, படபடன்னு நாலு மூச்சு விடும், அஞ்சு பத்து செகண்ட் சும்மா கிடக்கும், மறுபடியும் ஆரம்பிக்கும். முதல் நாள் அந்த இடைவெளில என் மூச்சும் சேர்ந்து நின்னு போச்சு. அந்த நிறுத்தம் 20 செகண்ட் போனாதான் ஆபத்து, இல்ல அதுக்குள்ளயே குழந்தை நீலம் பாஞ்சாலோ இதயத்துடிப்பு குறைஞ்சாலோ. குழந்தை எப்படி இருக்குன்னு பொறந்து ஒண்ணாவது நிமிஷமும் அஞ்சாவது நிமிஷமும் போடுற அப்கார் ஸ்கோர்லயும் அஞ்சுல ஒண்ணு மூச்சுதான். அதை 1952ல உருவாக்கினவங்க வர்ஜீனியா அப்கார், மயக்க மருந்து டாக்டர், அதாவது பொழுதுக்கும் அடுத்தவங்க மூச்சைப் பார்த்துக்கிட்டு இருக்கிறதே வேலையா இருந்தவங்க.

குழந்தைங்க வார்டுல எண்ணுறது தனிக் கலை. அழும்போது எண்ணினா அது கணக்குல வராது. அம்மா மடியில தூங்குறப்ப, சட்டையை லேசாத் தூக்கி வயித்தைப் பார்க்கணும், சின்னக் குழந்தைங்களுக்கு நெஞ்சை விட வயிறுதான் நல்லா அசையும். கம்யூனிட்டி போஸ்டிங்ல வீடு வீடாப் போனப்ப எங்ககிட்ட எக்ஸ்ரேவும் கிடையாது லேபும் கிடையாது, இந்த ஒரு நிமிஷம்தான் இருந்துச்சு. இருமலோ மூச்சுத் திணறலோ இருக்கிற குழந்தைக்கு, ரெண்டு மாசத்துக்குக் கீழன்னா 60, ரெண்டுலேருந்து பதினொரு மாசம்னா 50, ஒண்ணுலேருந்து அஞ்சு வயசுன்னா 40, அதுவோ அதுக்கு மேலயோ இருந்தா வேகமான மூச்சு, நிமோனியாவா இருக்கலாம்னு பார்க்கணும். உலகம் முழுக்க ஹெல்த் ஒர்க்கர்ஸ் இந்த மூணு நம்பரை வெச்சுத்தான் எந்தக் குழந்தைக்கு நிமோனியா இருக்கலாம்னு பார்க்குறாங்க. மெஷின் எதுவும் வேணாம், செகண்ட் முள்ளு இருந்தா போதும்.

சைக்கியாட்ரில ஒரு அக்கா, பேனிக் அட்டாக், நெஞ்சு வெடிக்குதுன்னு வந்தாங்க, நிமிஷத்துக்கு 36, வாயைச் சுத்தி மரத்துப் போச்சு, விரலெல்லாம் உள்ள இழுத்துக்கிச்சு. அவங்க கார்பன் டை ஆக்சைடை அளவுக்கு மீறி ஊதித் தள்ளினதால வந்த வினை, ஃபர்ஸ்ட் இயர் பயோகெமிஸ்ட்ரி மறுபடியும் கண்ணு முன்னாடி. பேப்பர் பையில மூச்சு விடச் சொல்றதெல்லாம் பழைய வைத்தியம், இப்ப வேணாம்னு சொல்றாங்க, ஏன்னா அது நிஜமாவே நெஞ்சு கோளாறா இருந்தா ஆபத்து. டாக்டர் ஈசிஜி பார்த்து இதயத்துல ஒண்ணுமில்லன்னு சொன்னதுக்கப்புறம், நான் பக்கத்துல உக்காந்து மெதுவா மூச்சு விட்டேன், "அக்கா, என்கூடச் சேர்ந்து விடுங்க"ன்னு சொன்னேன். அதுவரைக்கும் அடுத்தவங்க மூச்சை எண்ணினேன், அன்னைக்கு முதல் தடவையா என் மூச்சைக் கடன் கொடுத்தேன்.

சோஷியாலஜி, ரிசர்ச், மேனேஜ்மெண்ட் எல்லாம் வந்துச்சு, போச்சு, பாஸ் ஆகிட்டேன். கேர் பிளானைப் பத்தி மட்டும் புலம்பாம இருக்க முடியல. அசெஸ்மெண்ட், டயக்னோசிஸ், பிளானிங், இம்ப்ளிமெண்டேஷன், இவாலுவேஷன்னு அஞ்சு கட்டம், கட்டம் போட்டு ஸ்கேல் வெச்சு எழுதணும், ஒரு பேஷண்ட்டுக்கு இருபது பக்கம் எழுதிட்டு அந்தப் பேஷண்ட்டுகிட்ட இருபது நிமிஷம் பேசாத நாள் எல்லாம் இருக்கு. அந்த முறை தப்பு இல்ல, பார்த்து, யோசிச்சு, செஞ்சு, சரியா வந்துச்சான்னு திரும்பிப் பாக்குறது நல்ல பழக்கம்தான். ஆனா சீனியர் நோட்டைப் பார்த்து காப்பி அடிச்ச கேர் பிளானும் எண்ணாம போட்ட 18ம் ஒண்ணுதான், என்ன, கொஞ்சம் அழகான கையெழுத்துல இருக்கும்.

மே 12 நர்சஸ் டே அன்னைக்கு வருஷா வருஷம் எங்களுக்கு விளக்கைக் கையில கொடுத்து வரிசையா நிக்க வைப்பாங்க. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்தநாள், 1820. கையில விளக்கோட கருணை முகமா ஒரு படம், அவ்வளவுதான் அவங்களைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது. 1854ல கிரிமியப் போருக்காக 38 பேரைக் கூட்டிக்கிட்டு ஸ்குடாரி ஆஸ்பத்திரிக்குப் போனவங்க அங்க எண்ணினாங்க. யார் எதனால செத்தாங்கன்னு எண்ணி, காயத்தால செத்த சிப்பாய்களை விட தடுக்கக்கூடிய நோய்களால செத்தவங்கதான் ரொம்ப அதிகம்னு வட்டமா வரைபடம் போட்டு மேலிடத்துக்குக் காட்டினாங்க. 1860ல லண்டன்ல செயின்ட் தாமஸ் ஹாஸ்பிடல்ல நர்சிங் ஸ்கூல் ஆரம்பிச்சது எல்லாம் அதுக்கப்புறம். இது தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த விளக்கை நான் வேற மாதிரி பார்க்குறேன். நைட் டியூட்டில டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சு, போர்வை ஏறி இறங்குதான்னு தூங்குறவங்களை எழுப்பாம எண்ணும்போதெல்லாம் அந்த அம்மாவும் ராத்திரி விளக்கைத் தூக்கிக்கிட்டு இதைத்தான் பார்த்துக்கிட்டு போயிருப்பாங்கன்னு தோணும்.

இப்ப இந்த வியாதி முத்திப் போச்சு. பஸ்ல எதிர் சீட்டுல தூங்குறவரை எண்ணுறேன். ரூம்மேட் தூங்கும்போது எண்ணுறேன், 14. எங்க அம்மா டிவி பாக்குறப்ப எண்ணிட்டு இருந்தேன், "என்னடி அப்படி முறைக்கிற"ன்னு கேட்டாங்க, நம்பர் கெட்டுப் போச்சு.

போன மாசம் பேலியேட்டிவ் வார்டுல போட்டாங்க, இனி குணமாக்க முடியாதவங்களுக்கு வலி தெரியாம பாத்துக்கிற இடம். ஒரு பாட்டி, கேன்சர், கடைசி நாளுங்க. நான் டியூட்டிக்கு வந்தப்ப அவங்களுக்கு செயின்-ஸ்டோக்ஸ் பிரீத்திங் ஆரம்பிச்சிருந்துச்சு. 1818ல ஜான் செயின், 1854ல வில்லியம் ஸ்டோக்ஸ், ரெண்டு பேரும் டப்ளின் டாக்டருங்க, அஞ்சு மார்க் ஷார்ட் நோட், படம் போட்டா முழு மார்க். படத்துல அது அலை மாதிரி இருக்கும். நேர்ல பார்த்தா அப்படி இல்ல. மூச்சு மெதுவா ஆரம்பிச்சு, ஆழமாகிக்கிட்டே போயி, மறுபடியும் தேய்ஞ்சு தேய்ஞ்சு, நின்னுடும். ரூம்ல எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பாங்க. அப்புறம் ஒரு சின்ன மூச்சு வரும்.

பக்கத்துல அவங்க பொண்ணு உக்காந்திருந்தாங்க. அவங்க போன்ல டைமர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. "சிஸ்டர், இப்ப இருபத்திரண்டு செகண்ட் நின்னுச்சு. இதுக்கு முன்னாடி பதினெட்டுதான்"னு என்கிட்ட சொன்னாங்க. நான் வழக்கம் போல மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு வாட்ச்சைத் திருப்பினேன். வார்டு சிஸ்டர் உள்ள வந்தவங்க என் கையை மெதுவா எடுத்து விட்டாங்க. வெளிய கூட்டிட்டுப் போய் சார்ட்டைக் காட்டினாங்க, டிபிஆர் கட்டத்துல குறுக்க ஒரு கோடு போட்டு வழக்கமான அளவீடு நிறுத்தியாச்சுன்னு காலைலயே எழுதி, டாக்டர் கையெழுத்தும் இருந்துச்சு. "அவங்களுக்கு வலி இருக்கா, வாய் காயுதா, அதைப் பாரு. எண்ணி நாம என்ன மாத்தப் போறோம்?"னு கேட்டாங்க. கோவமா கேக்கல.

எனக்குக் கையை எங்க வைக்கிறதுன்னு தெரியல. மூணரை வருஷமா எண்ணிப் பழகின கண்ணு, அந்த ரூமுக்குள்ள போனா தானா நெஞ்சுக்குத்தான் போகுது. வாட்ச்சைக் கழட்டி பாக்கெட்டுல போட்டேன். பொண்ணுகிட்ட உக்காந்து, இந்த மூச்சு இப்படித்தான் நின்னு நின்னு வரும், பாட்டிக்கு இதனால திணறல் தெரியாதுன்னு சொன்னேன். இப்ப அவங்களுக்குக் காது கேட்டாலும் கேக்கும், ஏதாவது பேசுங்கன்னேன். அவங்க கொஞ்ச நேரம் போனைப் பார்த்தாங்க, அப்புறம் கவுத்து வெச்சுட்டு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. என்ன பேசறதுன்னு தெரியாம, காலைல வீட்டுல பூனை பாலைத் தட்டி விட்டதைச் சொல்ல ஆரம்பிச்சாங்க.

நான் பஞ்சைத் தண்ணில நனைச்சு, பிழிஞ்சு, பாட்டியோட உதட்டுலயும் நாக்குலயும் ஒத்தி எடுத்தேன். பூனைக் கதை முடியுற வரைக்கும் மூச்சு எத்தனைன்னு எனக்குத் தெரியாது.